நீளக் கயிறு

பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்த நேரத்தில், தப்புச் சத்தத்தையும் ஒப்பாரியையும் தாண்டி வேறொரு சத்தம் சௌந்திரத்தின் காதில் விழுந்தது. ஆற்றுத் துறையில் கட்டியிருந்த படகின் இரும்பு கல்லோடு உரசுகிற சத்தம். நறநறவென்று ஓர் இழுப்பு, கொஞ்சம் நிற்கும், மறுபடியும் ஓர் இழுப்பு. குனிந்திருந்த தலையை அவள் நிமிர்த்தினாள்.

“தனபாலு, போட்டக் குட்டக் கயித்துலயா கட்டுன?”

தனபால், செத்துப்போன அவள் புருசன் மருதாசலத்தின் தம்பி. முன்பக்கத்து மூங்கிலைத் தோளில் ஏற்றப்போனவன் திகைத்து நின்றுவிட்டான். வாசலில் கூடியிருந்த சொந்தக்கார ஒறம்பரைகள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முந்தின நாள் மத்தியானம் சோற்றில் கை வைத்த மருதாசலம், மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். எடப்பாடி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நேரத்திலிருந்து சௌந்திரம் அழவும் இல்லை, பேசவும் இல்லை. முதன்முதலாக வாயைத் திறந்து அவள் கேட்டது இதைத்தான்.

“கெட்டியாத்தான் கட்டியிருக்கறனுங்க அண்ணி. அசையாது,” என்றான் தனபால்.

அசையாது என்று அவன் சொன்னதும் அவள் துறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“புத்தி பேதலிச்சுப் போச்சு பாவம். நீங்க தூக்குங்க சாமி, நேரமாவுது,” என்று நாத்தனார் சாரதாமணி அவளை இழுத்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

சங்கு ஊதினார்கள். மகன் தமிழரசு கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். ரிக் வண்டியோடு ஒடிசாவில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தவன், விடிகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தான். அப்பாவின் முகத்தை அவன் சரியாகப் பார்த்து முடிப்பதற்குள் குளிப்பாட்ட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்கள் எல்லோரும் பாடைக்குப் பின்னால் போனார்கள். சுடுகாடு துறைக்கு மேல்பக்கம், ஆற்றங்கரை மேட்டில் இருந்தது. தெருமுனைவரை போன பெண்கள் முறைப்படி திரும்பி வந்து வீட்டைக் கழுவத் தண்ணீர் மொண்டார்கள். தப்புச் சத்தம் தேயத் தேய, துறையில் உரசுகிற சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அந்த ஊரில் காவிரி காலையில் நின்ற மட்டத்தில் சாயங்காலம் நிற்பதில்லை. கீழே கதவணை இருக்கிறது. கதவை அடைத்தால் தண்ணீர் படியேறும். மின்சாரம் எடுக்கத் திறந்துவிட்டால் படியிறங்கும். அங்கே படகு விடுகிறவனுக்கு ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கட்டவும் தெரிய வேண்டும். குட்டையாகக் கட்டினால், தண்ணீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கும். ஏறும்போது கயிறே படகின் முனையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கும். கயிறு நீளமாக இருந்து, தூரத்து மரத்துக்குப் போயிருந்தால், ஆறு ஏறினதும் இறங்கினதும் படகுக்குத் தெரியவே தெரியாது.

கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து சௌந்திரத்துக்கு அதுதான் வேலை. மருதாசலம் பின்னால் சுக்கான் பிடிப்பார். அவள் முன்முனையில் கயிற்றுச் சுருளோடு நிற்பாள். கரை நெருங்கியதும் வீசுவாள். சுருள் காற்றில் விரிந்து, படகு கட்டுகிற துறைக்கல்லின் கழுத்தில் போய் விழும். அது தப்பி விழுந்து யாரும் பார்த்ததில்லை. அக்கரைத் தறிப்பட்டறையிலிருந்து வந்துபோகிற பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பைக்கை ஏற்றிக்கொண்டு வருகிற பால்காரர்கள் எல்லோருக்கும் அவள் ‘கயித்துக்காரக்கா’.

தனபால் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவன். அன்று காலையில் அக்கரை ஒறம்பரைகளை அவன்தான் படகில் ஏற்றி வந்தான். லாரியில் பாரத்தை இறுக்குகிற மாதிரியே படகையும் முன்னும் பின்னும் துறைக்கல்லோடு இறுக்கிக் கட்டிவிட்டு மேலே வந்துவிட்டான். அண்ணன் செத்த அன்றைக்கு யாரும் கயிற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருவில் ஓர் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு போனது. மேட்டூர் அணை நிரம்பிவிட்டதாம். உபரி நீர் முழுவதும் ஆற்றில் திறந்துவிடப்படுகிறதாம். கரையோரத்து மக்கள் பத்திரமான இடத்துக்குப் போகும்படி கேட்டுக்கொண்டது. சாவு வீட்டைத் தாண்டும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் போனபிறகு மறுபடியும் முழங்கியது.

சௌந்திரம் எழுந்தாள்.

“எங்க எந்திரிக்கற?” என்றாள் சாரதாமணி.

“போட்ட அவுக்கோணுமுங்க நங்கை.” மூத்த நாத்தனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“அதெல்லாம் ஆம்பளைக வந்து பாத்துக்குவாங்க. நீ இந்த எடத்த உட்டு நகரப்படாது. புருசன் பொணம் காட்டுக்குப் போயிச் சேரல, பொண்டாட்டி ஆத்துக்குப் போயிட்டான்னு ஊரே பேசும்.”

“அவிய வாரதுக்குள்ள போட்டு தண்ணிக்குள்ள போயிருமுங்க.”

“போனாப் போவுது. ஓட்டறவனே போயிட்டான்.”

வாளியோடு நின்ற பெண்கள் கையை நிறுத்தினார்கள். சௌந்திரம் நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். அப்புறம் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“உங்கப்பாரு பரிசல் போனப்ப நீங்க கரையில நின்னுக்கிட்டு இருந்தீங்களாமா. நெசமுங்களா நங்கை?”

சாரதாமணி சிறு பெண்ணாக இருந்தபோது வந்த வெள்ளம் அது. பரிசல் சுழன்றுகொண்டே போவதைக் கரையில் நின்று பார்த்த அவளுடைய அப்பா, மறுவாரம் கல்லுடைக்கப் போனார். அதற்கப்புறம் ஆற்றுப்பக்கம் முகத்தைத் திருப்பியதே இல்லை. மருதாசலம் தலையெடுத்துப் படகு வாங்கிவிட்ட அன்றைக்கும் வந்து பார்க்காமலே கண்ணை மூடினார். இதையெல்லாம் சாரதாமணியே கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நின்னுட்டு என்ன பண்ணற, வெரசா வா,” என்றாள்.

சௌந்திரம் மருமகளைத் தேடினாள். பிரவீனா கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரி. மலையடிவாரத்தில் வளர்ந்தவள். படகில் ஏறினால் கரை வரும்வரை பலகையை விட்டுக் கையை எடுக்காதவள்.

“அம்மிணி, தெருவுல நிக்கற உங்க சின்ன மாமன் தனபாலு லாரியில லோடு கயிறு கெடக்கும். இருக்கறது அத்தனையும் எடுத்துட்டு வா. அருவா ஒண்ணும் கொண்டா.”

“சரிங்கத்தெ,” என்று அவள் ஓடினாள். மற்றப் பெண்கள் வாளிகளை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். காலையில் படகில் வந்து, இனித் திரும்பிப்போக வழியில்லாத தறிப்பட்டறைப் பெண்களும் அதில் இருந்தார்கள்.

துறையில் பாதிப் படிகளைக் காணோம். ஆறு செம்மண் நிறத்தில், சத்தமே இல்லாமல், வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. படகின் முன்முனை ஆற்றின் மேல்பக்கம் பார்த்து, கயிற்றின் பிடியில் கீழே குனிந்திருந்தது. கயிறு கம்பிபோல விறைத்திருந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே விழுந்தது. முடிச்சுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. மேலே இருந்திருந்தாலும் அந்த இறுக்கத்தில் யாராலும் அவிழ்த்திருக்க முடியாது.

சௌந்திரம் நின்று சுற்றிலும் பார்த்தாள். துறைக்குக் கொஞ்சம் கீழே ஓடை வந்து ஆற்றில் கலக்கிறது. வெள்ளம் வந்தால் ஆற்றுத் தண்ணீர் அந்த ஓடைக்குள் எதிர்த்து ஏறும். ஏறி, குளம் மாதிரி நிற்கும். படகை அதற்குள் கொண்டுபோய்விட்டால் போதும்.

பிரவீனா கயிற்றுச் சுருள்களைத் தலையிலும் தோளிலுமாகச் சுமந்து, அரிவாளோடு வந்தாள். சௌந்திரம் இரண்டைச் சேர்த்து முடிந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, படகின் முன் வளையத்தில் ஒரு நுனியைக் கட்டினாள். மறுநுனியைப் படிக்குமேல் நின்ற வேப்பமரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

“மரத்துல ஒரு சுத்துப் போட்டுட்டுப் புடிச்சுக்கங்க நங்கை. இழுக்க வேண்டாம். மரம் புடிச்சுக்கும். நான் உடச் சொல்லறப்ப மட்டும் கொஞ்சங் கொஞ்சமா உடுங்க.”

“நீ?”

“நான் மேல ஏறிக்கறனுங்க.”

“சௌந்திரம்,” என்றாள் சாரதாமணி. பிறகு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

சௌந்திரம் படகுக்குள் ஏறினாள். முதலில் பின்கயிற்றை வெட்டினாள். படகின் பின்பக்கம் துள்ளிக்கொண்டு ஆற்றுக்குள் திரும்பியது. முன்னால் போய், அரிவாளை ஓங்கி, தனபால் கட்டிய முன்கயிற்றில் போட்டாள். ஒரே வெட்டில் அது தெறித்தது. அமுங்கியிருந்த முனை குபீரென்று எழும்பியதில் அவள் தடுமாறிப் பலகையில் விழுந்தாள். கரையில் பெண்கள் சறுக்கினார்கள். யாரோ விழுந்து எழுந்தார்கள். வேப்பமரத்துப் பட்டையில் கயிறு கீச்சென்று ஓடி, அப்புறம் நின்றது.

பிடித்துவிட்டார்கள்.

அவள் எழுந்து பின்பக்கம் ஓடினாள். சுக்கான் கைப்பிடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. மருதாசலம் அதில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தார். அவருடைய கை பிடித்துப் பிடித்து, டியூப் ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. இத்தனை வருசத்தில் சௌந்திரம் அந்தப் பிடியைத் தொட்டதில்லை. அவள் இடம் முன்னால். அது அவர் இடம். அவள் தேய்ந்த இடத்தில் கையை வைத்துப் பிடித்தாள். கைப்பிடி அடங்கியது.

நிமிர்ந்து பார்த்தபோது எதிரே முன்முனையில் யாரும் இல்லை. அதற்கும் அப்பால், சுடுகாட்டு மேட்டிலிருந்து புகை எழும்பி நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதை ஒருதடவை பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள்.

“உடுங்க நங்கை,” என்று கத்தினாள். “மெதுவா. இன்னுங் கொஞ்சம்.”

முனையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்தபடியே படகு பின்னோக்கி இறங்கியது. ஆறு அவளை நடுவுக்கு இழுத்தது. சுக்கானைச் சற்றே திருப்பினால் படகு கரையை நோக்கி ஒதுங்கியது. இவ்வளவுதானா என்று அவளுக்கே தோன்றியது. அவர் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. முன்னால் நின்றுகொண்டே, முதுகுக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் அவள் உடம்பு வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஓடை முகம் வந்தது. மூங்கில் கழியை ஊன்றிப் படகின் பின்பக்கத்தை உள்ளே தள்ளினாள். இன்னொரு கயிற்றைச் சுருட்டி, ஓடைக்கரையில் காத்து நின்ற தறிப்பட்டறைப் பெண்களுக்கு வீசினாள்.

“இழுங்க கண்ணுகளா. ஒட்டுக்கா இழுங்க.”

அவர்கள் இழுத்தார்கள். ஒருத்தி தேர் இழுக்கிற மாதிரி சத்தம் கொடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் என்பது யாருக்கும் அப்போது நினைவில் இல்லை. ஆற்றின் இழுப்பு ஓர் இடத்தில் சட்டென்று விட்டுப்போனது. படகு நிற்கிற தண்ணீருக்குள் நழுவி வந்தது.

சௌந்திரம் கட்ட ஆரம்பித்தாள். வேப்பமரத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்த முன்கயிறு, கரைமேட்டுப் புளியமரத்துக்குப் போனது. பின்கயிறு, ஓடைக்குள் தள்ளி நின்ற பனைக்கு. இரண்டையும் இறுக்கவில்லை, வயிறு தொங்குமளவு விட்டாள். தண்ணீர் மேடேறினால் இதுவும் கூடவே ஏறட்டும். இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. எதிர்க்கரையிலிருந்து ஒரு கயிறு பிடிக்காவிட்டால் படகு இந்தக் கரைப் பாறையிலேயே மோதிக் கிடக்கும்.

“நான் போறனுங்கத்தெ,” என்றாள் பிரவீனா. சொல்லிவிட்டு மேலே இருந்த சிறு பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தடியில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

ஓடை அகண்டுபோயிருந்தது. நனைந்த லாரிக் கயிறு பிணக்கனம் கனத்தது. சௌந்திரம் வீசினாள். அது பாதியிலேயே விழுந்து தண்ணீரில் முழுகியது. கயித்துக்காரக்காவின் கயிறு தப்பி விழுந்து கரையில் நின்றவர்கள் பார்த்ததில்லை.

அவள் அதை இழுத்தெடுத்தாள். பிழிந்தாள். நிதானமாக, சிறிய சிறிய வளையமாகச் சுருட்டினாள். நுனியில், கனத்துக்கு, அரிவாளின் மரப்பிடியைக் கழற்றிக் கட்டினாள். முன்முனைக்குப் போய், எப்போதும் நிற்கிற இடத்தில் கால்களை அகட்டி நின்றாள். தோளைப் பின்னுக்கு வாங்கி வீசினாள்.

சுருள் ஒவ்வொரு வளையமாகப் பிரிந்து, ஓடைக்குமேல் நீளமாகப் போய், பிரவீனாவின் காலடியில் விழுந்தது. அவள் அதன்மேலேயே விழுந்து பிடித்துக்கொண்டாள்.

“பனையில ரண்டு சுத்துச் சுத்து அம்மிணி. நுனியக் கயித்துக்கு அடியில கொண்டாந்து மேல எடு. இன்னொருக்கா. ம், இப்ப இழுத்துப் பாரு.”

பிரவீனா முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்துப் பார்த்தாள். நகரவில்லை. சேறு அப்பிய முகத்தைத் திருப்பி, “நின்னுக்குச்சுங்கத்தெ,” என்று இரைந்தாள்.

முதலில் சிரித்தது சாரதாமணிதான். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். தலைமுதல் கால்வரை நனைந்து நின்ற பெண்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள்.

“எழவுக்குத் தல முழுகோணுமல்ல. அதும் ஆயிப்போச்சு போ,” என்றாள்.

சௌந்திரம் படகிலிருந்து இறங்கி அவள் அருகில் வந்தாள். சாரதாமணி தன் முந்தானை நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மேட்டிலிருந்து ஆண்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கொள்ளி வைத்தாலும் மற்றச் சடங்கை முடிக்காமல் வர முடியாது. முடித்த கையோடு தமிழரசு ஈர வேட்டியும் மொட்டைத் தலையுமாக ஓடி வந்தான். தனபால் மூச்சு வாங்கப் பின்னால் வந்தான். தமிழரசு அம்மாவைப் பார்த்தான், படகைப் பார்த்தான், ஒவ்வொரு கயிறாகத் தொட்டுக்கொண்டு மரம்வரைக்கும் நடந்து போய்த் திரும்பினான்.

“அங்கிருந்து பாக்கறப்ப போட்டுல அப்பா நிக்கற மாதிரியே இருந்துச்சும்மா,” என்றான்.

சௌந்திரம் அவனுடைய தலையில் ஒட்டியிருந்த முடித்துணுக்கைத் தட்டிவிட்டாள்.

தனபால் தயங்கித் தயங்கி வாயெடுத்தான். “அண்ணி, நான் கட்டுனது தப்பாப் போச்சுங்க. தமிழரசும் ரிக்குக்குப் போயிருவான், இந்தப் போட்ட யாருக்காச்சும் வித்துரலாம்னு சுடுகாட்டுல பேசிக்கிட்டு இருந்தமுங்க.”

“விக்கறதுக்காடா நாங்க கை பொத்துப்போக இழுத்தம்?” என்றாள் சாரதாமணி.

தமிழரசு சௌந்திரத்தைப் பார்த்தான்.

“அப்ப யாரும்மா ஓட்டறது?”

“தண்ணி வடியட்டும்,” என்றாள் சௌந்திரம். “முன்னால நின்னு கயிறு வீசறதுக்குத்தான் ஒரு ஆளு வேணும்.” சொல்லிவிட்டு எதிர்க்கரையைப் பார்த்தாள். பிரவீனா பாலத்தைச் சுற்றி நடந்து வந்துகொண்டிருந்தாள். வருகிற வழியில், கையில் மிஞ்சியிருந்த கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஆறு துறைப்படி முழுவதையும் மூடிவிட்டது. துறைக்கற்களின் தலைகூடத் தெரியவில்லை. கீழ்த்துறையில் கட்டியிருந்த படகு அறுத்துக்கொண்டு போய்விட்டதாக, கரையைப் பார்க்க வந்த தலையாரி சொன்னார். ஓடைக்குள் நின்ற படகைப் பார்த்து, வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். “யாருங்க கட்டுனது?” என்று கேட்டார். தறிப்பட்டறைப் பெண்கள் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவர் சௌந்திரத்தைப் பார்த்துத் தலையை அசைத்தார். சாவு வீடு என்பது ஞாபகம் வர, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் விளக்கேற்றிவிட்டு அவளைக் கூப்பிட ஆள் வந்தது. சௌந்திரம், வாரேன் போ, என்று சொல்லிவிட்டுக் கரையிலேயே நின்றாள். தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. படகும் அதோடு சேர்ந்து, யாருக்கும் தெரியாமல், ஏறிக்கொண்டிருந்தது.

ஆற்றுப்பக்கமிருந்து ஒரு நீர்க்காகம் தாழப் பறந்து வந்தது. ஓடைக்குமேல் ஒரு வட்டம் போட்டுவிட்டு, படகின் விளிம்பில் இறங்கியது. அது இறங்கியதில் படகு இலேசாகச் சாய்ந்து, மறுபடியும் நேரானது. நீர்க்காகம் இப்படியும் அப்படியும் பார்த்தது. பிறகு, ஈரமான இரண்டு சிறகுகளையும் முழுதாக விரித்து, காற்றில் உலர வைத்துக்கொண்டு நின்றது.